கட்டையா, முதலையா?

கடலூர்ல சிதம்பரம் பஸ் ஏறுனேன். முன் சீட்டுல காலேஜ் பசங்க ரெண்டு பேரு. பஸ்ஸுக்கே கேக்குற மாதிரி சண்டை.

தீம் பார்க்குல மேலேர்ந்து தண்ணில சர்ருனு எறங்குமே மரக்கட்டை படகு, அதை முதலை மாதிரி மாத்திட்டாங்களாம்.

"கட்டைதான் மச்சான் கெத்து. அதுக்காகவே வருசா வருசம் போனேன். கெடுத்துட்டானுவ"ன்னு ஒருத்தன்.

"முதலைதான்டா நல்லாருக்கு"ன்னு இன்னொருத்தன். அவனுக்குக் கொள்ளிடக்கரை ஊராம்.

எனக்கு ஒண்ணும் புரியல. "தம்பி, உங்க ஆத்துலயே முதலை கெடக்குதே, பயமா இல்லையா?"ன்னு கேட்டுட்டேன்.

"முதலைன்னு தெரிஞ்சா ஒதுங்கிடுவோம்க்கா. எங்க ஊர்ல மெதக்குற கட்டையதான் நம்ப முடியாது. போன வருசம் அந்தக் கட்டைப் படகுல நான் கண்ணைத் தொறக்கவே இல்ல."

"இதை ஏன்டா இத்தினி நாளா சொல்லல?"ன்னான் மொத ஆளு.

அப்புறம் ரெண்டு பேரும் என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கக்கா, எது?"ன்னாங்க. நான் அந்த ரைடுல ஏறுனதே இல்ல. தெரியலன்னு சொல்லி எறங்கிட்டேன்.

வீட்டுக்கு வந்தா, வாசல்ல தேங்குன மழைத்தண்ணில தென்னங்கட்டை ஒண்ணு கெடக்குது. தாண்டாம நின்னுதான் இதை டைப் பண்றேன்.

கட்டை கட்சிக்காரங்க யாராவது பக்கத்துல இருந்தா, வந்து நகத்தி வைங்க.