நாப்பத்தஞ்சு டிகிரி கேள்வி

எனக்கு மூக்குக்கு மேல கோவம் வரும். வீட்டுலயும் சொல்வாங்க, நான் கணக்கு எடுக்கிற ஸ்கூல்லயும் சொல்வாங்க. அதுலயும் ஜாமெட்ரியப் பத்தி யாராச்சும் எளப்பமாப் பேசிட்டா, வர்ற கோவமே தனி. அந்தக் கோவத்துலதான் போன வருஷம் என் சிநேகிதிகிட்ட வாயக் குடுத்து மாட்டிக்கிட்டேன்.

அவளும் நானும் காலேஜ்ல ஒரே பெஞ்ச்சு. ரெண்டு பேரும் எம்.எஸ்சி. கணக்கு. நான் டீச்சராப் போனேன். அவ தட்டாஞ்சாவடியில லேத்துப் பட்டறை வச்சு, பம்ப்புக்கு வேண்டிய சாமானெல்லாம் கடைஞ்சு குடுக்குறா. வருஷத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஸ்கூல் பிள்ளைங்களுக்கு ஒரு கணக்குப் போட்டி நடத்துறோம். ஆறு கேள்வி, மூணு மணி நேரம். டவுன் பிள்ளைங்களும் வரும், வில்லியனூர்ப் பக்கத்துலேருந்து பஸ் புடிச்சும் வரும். ஆறு கேள்வியில அஞ்சு அவ எடுப்பா. ஒண்ணு நான் எடுப்பேன், அது ஜாமெட்ரி.

அந்த ஒண்ணுதான் அவ கண்ண உறுத்திக்கிட்டே இருந்துச்சு. திருத்துறதுக்கு நேரம் புடிக்குதாம். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு வழியில போகுதாம். முந்தின வருஷம் கோணம் எவ்வளவுன்னு கேட்டதுக்கு நாலஞ்சு பிள்ளைங்க பாகைமானிய வச்சு அளந்து விடைய எழுதிட்டுப் போயிடுச்சு, அதுக்கு மார்க் குடுக்கறதா வேண்டாமான்னு ரெண்டு பேரும் அரை நாள் சண்டை போட்டோம். எல்லாத்துக்கும் மேல, இந்தக் காலத்துல முக்கோணத்த எவ பார்க்கிறா, என் பட்டறையிலயே கம்ப்யூட்டர்தான் வரையுதுன்னு ஒரு போடு போட்டா. எனக்கு சுருக்குன்னு வந்துச்சு.

நான் சொன்னேன், உன் அஞ்சு கேள்வியும் ட்யூஷன்ல சொல்லிக்குடுக்கிற கேள்விங்க. இந்த மாதிரி வந்தா இந்த ஃபார்முலா, அந்த மாதிரி வந்தா அந்த ஃபார்முலான்னு நோட்டு போட்டு வித்துடுவாங்க. ஜாமெட்ரிய அப்படி விக்க முடியாது. உட்கார்ந்து பார்க்கணும். எந்த எடத்துல ஒரு கோடு இழுத்தா படம் வாயத் தொறக்கும்னு பென்சிலக் கடிச்சுக்கிட்டு யோசிக்கணும். பெரிய ஸ்கூல் பிள்ளையும் சரி, பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்த பிள்ளையும் சரி, அந்த எடத்துல ஒண்ணுதான். அதுவுமில்லாம, கோடு சரியா விழுந்துச்சுன்னா, சரின்னு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்ல, பிள்ளைக்கே தெரிஞ்சுடும். முப்பது வருஷமா நான் அந்த மூஞ்சியப் பார்த்துக்கிட்டுதான் இந்தத் தொழில்ல இருக்கேன்.

அவ மசியல. கடைசியில ஒரு ஒப்பந்தம். அந்த வருஷம் கேள்விய நிரூபிக்கச் சொல்லிக் கேட்கணும், விடைய கேள்வியிலயே குடுத்துடணும், அப்பதான் அளக்கிற வேலை இருக்காது. அப்படிக் கேட்டும் கேள்வி மேல ஒரே ஒரு புகார் வந்துட்டா, ஜாமெட்ரிக்கு அதோட முழுக்கு. நானும் வீராப்பா சரின்னுட்டேன்.

மூலக்குளத்துல எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில உட்கார்ந்து, ஒரு பழைய கணக்கத் தேடி எடுத்தேன். ஒரு முக்கோணம். மூணு முனையிலேருந்தும் எதிர்ப்பக்கத்துக்குச் செங்குத்தாக் கோடு போட்டா, மூணும் ஒரே புள்ளியில சந்திக்கும். ஒரு முனையிலேருந்து அந்தப் புள்ளி வரைக்கும் உள்ள தூரமும், அந்த முனைக்கு எதிர்ப்பக்கத்தோட நீளமும் ஒண்ணா இருந்தா, அந்த முனையில உள்ள கோணம் என்னன்னு கேட்டிருந்துச்சு. நான் படத்தப் போட்டேன். உள்ளுக்குள்ள ரெண்டு செங்கோண முக்கோணம் ஒண்ணுக்கொண்ணு அச்சு அசலா இருக்கிறது தெரிஞ்சுது. அஞ்சு வரியில விடை வந்துடுச்சு, நாப்பத்தஞ்சு டிகிரி. கோணம் நாப்பத்தஞ்சு டிகிரின்னு நிரூபின்னு கேள்விய மாத்தி எழுதி, விடைய ஒரு தாள்ல சுத்தமா எழுதி வச்சுட்டுப் படுத்துட்டேன்.

போட்டி முடிஞ்ச அடுத்த ஞாயிறு பட்டறை மாடியில திருத்த உட்கார்ந்தோம். கீழ மெஷினெல்லாம் ஓய்வுல இருந்துச்சு. அவ அஞ்சு கேள்விக் கட்டையும் எடுத்துக்கிட்டா, நான் என் கட்ட எடுத்துக்கிட்டேன். தாள்ல பேரு கிடையாது, நம்பர்தான். எனக்கு நல்ல சந்தோஷம். பாதிப் பிள்ளைங்க ஏதோ ஒரு வழியில முட்டி மோதிக் கரை சேர்ந்திருந்துச்சு. ஒண்ணு நான் நினைச்சே பார்க்காத எடத்துல வட்டம் போட்டு மூணே வரியில முடிச்சிருந்துச்சு. எல்லாத்துக்கும் பத்துக்குப் பத்து போட்டேன், ஒவ்வொண்ணையும் அவகிட்ட ஆட்டிக் காட்டிட்டுத்தான் வச்சேன்.

அப்பறம்தான் அந்தத் தாள் வந்துச்சு. மொத வரியே, 'கேள்வியில் சொன்னது பாதிதான் சரி'ன்னு இருந்துச்சு. எனக்கு எப்படி இருக்கும்? அதிகப்பிரசங்கி, இந்த வயசுலயே எவ்வளவு திமிருன்னு சிவப்புப் பேனாவ எடுத்துட்டேன். கீழ ஒரு படம் இருந்துச்சு. தரையோட தரையாப் படுத்த மாதிரி ஒரு முக்கோணம், மேல் முனையில விரிகோணம். செங்குத்துக் கோட்ட எல்லாம் புள்ளி புள்ளியா வெளியில நீட்டியிருந்துச்சு. மூணும் முக்கோணத்துக்கு வெளியில, மேல போயி சந்திச்சுது. தூரமும் நீளமும் ஒண்ணுதான். கோணம் மட்டும் நூத்தி முப்பத்தஞ்சு. நாப்பத்தஞ்சுக்கு ஒரு நிரூபணம், நூத்தி முப்பத்தஞ்சுக்கு ஒரு நிரூபணம், ரெண்டும் பிசிறில்லாம எழுதியிருந்துச்சு.

பேனாவ மூடி வச்சேன். எங்க தப்பு பண்ணேன்னு எனக்கு உடனே தெரிஞ்சுது. முப்பது வருஷமா போர்டுல முக்கோணம்னு சாக்பீஸ எடுத்தாலே என் கை ஒரே முக்கோணத்தத்தான் போடும். கொஞ்சம் எடது பக்கம் சாஞ்சது, மூணு கோணமும் குறுங்கோணம். கோடெல்லாம் உள்ளயே சந்திக்கும், பார்க்க லட்சணமா இருக்கும். அன்னிக்கும் கை அதையே போட்டுச்சு, நானும் அதையே நம்பிட்டேன். படத்தக் கண்ண மூடிக்கிட்டு நம்பாதீங்கன்னு பிள்ளைங்க உசுர வாங்குற டீச்சர் நானு.

பொய் சொல்லக் கூடாது, ஒரு கெட்ட புத்தி வரத்தான் செஞ்சுது. கேட்டத நிரூபிக்காம வேற எதையோ எழுதியிருக்குன்னு முட்டை போட்டுட்டா யாருக்குத் தெரியப் போவுது? அவ என் கட்டத் தொடவே மாட்டா. ஜாமெட்ரி பொழச்சுக்கும். ஒரு வருஷம் ஒரு பிள்ளைக்குப் பத்து மார்க் போனா என்னன்னு கூட நினைச்சேன். எழுந்து போயி ஃபிளாஸ்க்குல இருந்த டீய ஊத்திக் குடிச்சேன். நான் எதுக்காகச் சண்டை போட்டேனோ அத இந்தப் பிள்ளை அப்படியே செஞ்சு வச்சிருக்கு. உட்கார்ந்து பார்த்திருக்கு. வாத்தியார் சொன்னதையும் பார்த்திருக்கு, படத்தையும் பார்த்திருக்கு, ரெண்டையும் நம்பாம இன்னொரு படம் போட்டிருக்கு. அதுக்கு முட்டை போட்டுக் காப்பாத்துற ஜாமெட்ரி எனக்கு எதுக்கு? வெக்கமாப் போச்சு.

தாளக் கொண்டுபோயி அவ முன்னாடி வச்சேன். நீ ஜெயிச்சுட்டடி, என் கேள்வி தப்புன்னு சொன்னேன்.

அவ தாளப் படிச்சா. மேசை மேல கிடந்த ஸ்டீல் ஸ்கேல எடுத்தா. பட்டறை வேலை எழுதுற அட்டையோட பின்பக்கத்துல அடிப்பக்கம் பத்து சென்டிமீட்டர்னு போட்டு, அந்தப் படுத்த முக்கோணத்த அவளே வரைஞ்சா. அடிக்கோடு அட்டையோட நடுவுல விழுந்திருந்துச்சு, சந்திக்கிற புள்ளிக்கு எடம் பத்தல. இன்னொரு அட்டைய எடுத்து ஓரத்துலேருந்து ஆரம்பிச்சா. கோட்ட நீட்டுனா, புள்ளிய வச்சா, அளந்தா. பத்து. மறுபடியும் அளந்தா. கம்ப்யூட்டர் வரையுதுன்னு சொன்னவ, சாப்பாட்டு டப்பாவக் கூடத் தொறக்காம முக்கால் மணி நேரம் முக்கோணம் போட்டுக்கிட்டிருந்தா.

அப்பறம் தாள என் பக்கம் தள்ளிட்டுச் சொன்னா: "புகார் வந்தாத்தானே ஒப்பந்தம்? அந்தப் புள்ள எங்க புகார் குடுத்துச்சு? விடைதானே எழுதியிருக்கு."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துச்சு. அவ அதுக்கெல்லாம் நேரம் குடுக்கல. கட்டு மொத்தத்தையும் மறுபடி திருத்தணும்னு சொல்லிட்டா. அந்தத் தாளுக்குப் பத்து. நாப்பத்தஞ்ச மட்டும் சரியா நிரூபிச்சதெல்லாம் பாதிதான் பார்த்திருக்கு, ஆனா கேள்வி கேட்டதும் அவ்வளவுதான், அதனால ஆறு. சண்டையே இல்லாம நாங்க முடிவெடுத்தது அன்னிக்கு ஒரு நாள்தான். பொழுது சாயறதுக்குள்ள திருத்தி முடிச்சோம்.

கட்டுக்கு அடியில கடைசியா ஒரு தாள் மிச்சம் இருந்துச்சு. நான் சுத்தமா எழுதி வச்ச விடை. அவ அதையும் எடுத்து, ஒவ்வொரு வரியாப் படிச்சு, என் சிவப்புப் பேனாவாலேயே மூலையில ஆறுன்னு போட்டு வட்டம் கட்டி என் கையில குடுத்தா.

"அடுத்த வருஷமாவது ஒழுங்கா எழுது"ன்னா.