பிழையை அனுப்பியது யார்?

சென்ற ஆவணியில், பெரிய காஞ்சிபுரத்தில் என் நண்பர் மகனின் பட்டுக்கடையில் நடந்தது இது. ஓய்வுபெற்ற பிறகு அங்கே இருப்புச் சரிபார்க்கப் போகிறேன். எதையும் எண்ணாமல் இருக்க முடியாது எனக்கு. கணக்கு இடித்தால் தூக்கம் வராது.

கடையில் புது மென்பொருள் போட்ட அந்த மாதம் இடித்தது. அலமாரியில் இருந்த சில புடவைகள் கம்ப்யூட்டரில் இல்லை. முகூர்த்தக் கூட்டம் காத்திருக்க, அவற்றுக்குப் பில் போட முடியவில்லை. பில் போடும் பெண்ணின் திரையில் அடிக்கடி சிவப்பு எழுத்தில் பிழை என்று வரும். அவர் பிள்ளையார்பாளையத்திலிருந்து வருபவர். கணவர் உடம்பு முடியாமல் படுத்திருக்க, இவர் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

"நான் ஒண்ணும் தொடலண்ணா. சும்மா உக்காந்துக்கினு இருந்தாலும் வருது."

"உன் கம்ப்யூட்டர்ல மட்டும்தானேம்மா வருது? எனக்கு ஒரு தடவையாவது வந்துச்சா?" என்ற முதலாளி, மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மென்பொருள் கம்பெனிக்கு ஓயாமல் போன் செய்து நச்சரித்தேன். சென்னையிலிருந்து ஒரு பெண் வந்தார். பார்த்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். கடையின் டேட்டாபேஸ், பில் போடும் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பில், இருப்பு, லேபிள் என மூன்று புரோகிராம்கள் அதற்குக் கேள்வி அனுப்புகின்றன. எது தவறாக அனுப்பினாலும் பிழை அந்த ஒரு திரையில்தான் தெரியும். மூன்றும் ஒரே பெயரில் நுழைவதால், அனுப்பியது எதுவென்று தெரிவதில்லை. ஒவ்வொரு கேள்வியோடும் அதை அனுப்பும் புரோகிராமின் பெயரைச் சேர்த்துவிட்டு, "எப்பவும் போல வேலை பாருங்க" என்றார்.

மதியத்துக்குள் சிவப்பு எழுத்து வந்தது. அப்போது பில் போடும் பெண் இரண்டு கையாலும் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிழைக்குப் பக்கத்தில் 'லேபிள்' என்றிருந்தது. உள்ளறையில் உட்கார்ந்து லேபிள் அடிப்பவர் முதலாளியேதான்.

நெசவாளர் கொண்டுவரும் புடவையின் பாவு எண்ணை அவர் தட்டுவார். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல்; இங்கே ஒரு பாவில் மூன்று புடவை நெய்வார்கள். புரோகிராம் எழுதியவர்களோ, ஒரு பாவு எண்ணுக்கு ஒரே புடவை என்று வைத்துவிட்டார்கள். லேபிள் மூன்றுக்கும் வந்துவிடும். முதல் புடவையைத் தவிர மற்ற இரண்டையும் டேட்டாபேஸ் ஏற்காது.

முதலாளி வெளியே வந்து நின்றார். "இத்தினி நாளா நான்தாம்மா அனுப்பிக்கினு இருந்திருக்கேன். நீ எங்கயும் போவாத."

"உங்க மேலயும் தப்பில்லண்ணா. பாவுல மூணு வரும்னு அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

குத்தல் எதுவும் இல்லாத குரலில் சொல்லிவிட்டு, அவர் அடுத்த பில்லைப் போட ஆரம்பித்தார். நான்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இப்போதெல்லாம் வீட்டில் ஒரு பாத்திரம் உடைந்தால்கூட, பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்க்கும் முன் கொஞ்சம் தயங்குகிறேன்.