படர்தாமரை முதலில் யாருக்கு வந்தது

எங்கள் தெருவில் நாய்க்குச் சொறி வந்தால் யாரும் டாக்டரிடம் ஓடுவதில்லை. மெக்கானிக் கடையில் பைக்கிலிருந்து இறக்கிய கறுப்பு ஆயிலைக் கொட்டாங்குச்சியில் வாங்கி வந்து தடவிவிடுவார்கள். நானும் அதைத்தான் செய்தேன், மறைக்க என்ன இருக்கிறது? பாப்பாவின் காதோரத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்கு மயிர் உதிர்ந்து, ஓரம் சிவந்து, நடுவில் தவிடு ஒட்டியது போல் இருந்தது. ஆயிலைத் தடவினேன். பாப்பா அதை நக்கித் தொலைத்துவிட்டு இரண்டு நாள் வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தது. புத்தி கெட்டவளே, புத்தி கெட்டவளே என்று என்னை நானே திட்டிக்கொண்டுதான் அந்த இரண்டு நாளும் தையல் மிஷின் மிதித்தேன்.

பாப்பா என்பது என் நாய். பேர் என்று தனியாக வைக்கவில்லை, பாப்பா என்று கூப்பிட்டால் வாலை ஆட்டிக்கொண்டு வரும், அது போதும். திண்டிவனத்தில் ஒரு வாடகை வீட்டில் கீழ்ப்போர்ஷன் எங்களுடையது. மாடியில் ஓனரம்மா. என் வீட்டுக்காரர் சென்னையில் வேலை பார்க்கிறார், மாதத்துக்கு இரண்டு தடவை வருவார். மற்ற நாளெல்லாம் தையல் மிஷினும் நானும்தான். ஜாக்கெட், நைட்டி, அதைவிட அதிகமாக உள்பாவாடை. எட்டு மாதத்துக்கு முன்னால் மழையில் நனைந்து வாசலில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை உள்ளே விட்டு, என் பழைய பாவாடை ஒன்றை மடித்து மிஷினுக்கு அடியில் போட்டேன். அதுதான் அதன் படுக்கை ஆகிவிட்டது.

ஆயில் பலிக்கவில்லையா, அடுத்த கெட்டிக்காரத்தனத்தில் இறங்கினேன். அலமாரியில் துணிக்கு அடியில் ஒரு டியூப் ஒளித்து வைத்திருந்தேன். மெடிக்கலில் மெதுவாக "அரிப்புக்கு" என்று சொன்னால் பேப்பரில் சுற்றித் தருவார்களே, அந்த டியூப். எனக்காக வாங்கியது. இடுப்பில் நாடா இறுக்கும் இடத்தில் எனக்கு இரண்டு வருடமாகப் படை இருந்தது. வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. அந்த டியூப்பைப் பாப்பாவுக்கும் தடவினேன். நான்கு நாள் நன்றாக அடங்கியது. அப்புறம் முன்னங்காலில் ஒன்று, மூக்கின் மேல் ஒன்று, முதுகில் இரண்டு என்று பெரிது பெரிதாகக் கிளம்பியது.

அந்த வாரம்தான் ஓனரம்மாவின் ஐந்து வயதுப் பெண்ணின் கன்னத்தில் ஒரு வட்டம் வந்தது. வந்ததுதான் தாமதம், ஓனரம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டார்.

"இன்னாம்மா இது? கொழந்த மூஞ்சியப் பாரு. உன் நாய் ஒட்டவச்சதுதானே?"

"பாப்பாவைப் பார்த்தாலே கேட் கிட்டயே நின்னுக்கினு கத்துதேக்கா உங்க பொண்ணு. அது எங்க வந்து தொட்டுச்சு?"

"காத்துலயே வரும் அதெல்லாம். ஞாயித்துக்கிழம வரைக்கும் பாப்பேன். நீயா அனுப்பலன்னா ஆட்டோக்காரன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன், திருவக்கரையில கொண்டுபோய் விட்டுடுவான். கோயிலுக்கு வர்றவங்க எதனா போடுவாங்க, பொழச்சிக்கும்."

பிழைத்துக்கொள்ளுமாம்! மிஷின் காலடியைத் தவிர வேறு உலகம் தெரியாத ஜீவன். கல் லாரி போகிற அந்த ரோட்டில் அரை நாள் தாங்காது. அனுப்ப முடியாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். எப்படித் தடுக்கப் போகிறேன் என்றுதான் தெரியவில்லை.

விழுப்புரத்தில் நாய்களுக்குத் தோல் வைத்தியம் பார்க்கிற ஒரு டாக்டரம்மா இருப்பதாக ஜாக்கெட் தைக்க வந்த ஒருவர் சொல்லியிருந்தார். நாயோடு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் இறக்கிவிடுவார். என் தம்பி குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறான். வெள்ளிக்கிழமை விழுப்புரத்துக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, லோடு இருந்தது. அவனைப் பிடித்தேன்.

"மல்லாட்டை மூட்டை மேல நாயா? பேஜாரு பண்ணாதக்கா."

"மூட்டை மேல யாரு கேட்டா? நான் மடியில வச்சிக்கினு முன்னாடி குந்திக்கிறேன்."

"உன்கிட்ட பேசி ஜெயிக்க முடியுமா? ஏறு, ஜல்தி."

டாக்டரம்மா சின்ன வயதுதான். வட்டத்தின் ஓரத்திலிருந்து நாலு மயிரைப் பிடுங்கிக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். "காளான்தாங்க. படர்தாமரைன்னு சொல்றோமே, அதே" என்றார். என்னென்ன தடவினீர்கள் என்று கேட்டார். ஆயிலைச் சொன்னேன், தலையில் அடித்துக்கொண்டார். டியூப்பை எடுத்து நீட்டினேன். பல் விளக்கும் பேஸ்ட்டைப் போல அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டிப் பாதி தீர்ந்த டியூப். அதைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இது நாய்க்குன்னு வாங்கினது இல்லையே. இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கு. அரிப்பை அடக்கிடும், உள்ள காளான் சொகமா வளரும். நாய் எதுல படுக்குது?"

"என் பழைய பாவாடையில."

அவர் டியூப்பை மூடி என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "உங்களுக்கும் இருக்கா?" என்றார். முகம் பற்றி எரிந்தது எனக்கு. தலையை மட்டும் ஆட்டினேன். இரண்டு வருடத்தில் ஒரு மனித ஜென்மத்திடம் நான் அதை ஒப்புக்கொண்டது அன்றுதான்.

"அப்ப யாருக்கு முதல்ல வந்துச்சு டாக்டர்?"

"நாய்கிட்டருந்து மனுஷங்களுக்கு வரும். மனுஷங்ககிட்டருந்து நாய்க்கும் வரலாம். மைக்ராஸ்கோப்புல அது தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்" என்றார். அப்புறம் அவர் கேட்டதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பாவாடையை எங்க காயப் போடுறீங்க?"

எங்கே போடுவேன்? எங்கள் தெருவே போடுகிற இடத்தில்தான். கொடியில் முதலில் பாவாடை, அதை மூடி மேலே புடவை. ஆம்பளைகள் கண்ணில் பட்டுவிடக் கூடாதே. மழை நாளில் பாத்ரூம் கதவுக்குப் பின்னால் ஆணியில். நாடா என்றைக்கும் முழுதாகக் காய்ந்ததில்லை. ஈரத்தோடேயே கட்டிக்கொண்டு விடுவோம். "அந்த ஈரந்தாங்க அதுக்கு வேணும்" என்றார் டாக்டரம்மா. வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவைக்கச் சொன்னார். எனக்கு மனுஷ டாக்டரைப் பார்க்கச் சொன்னார். பாப்பாவுக்கு மாத்திரையும் ஷாம்பும் எழுதினார். நுரையோடு பத்து நிமிடம் நிற்க வேண்டும், மயிர் முளைத்துவிட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குக் கோபம். நான் தையல்காரி. எத்தனை இடுப்பைச் சுற்றி டேப் பிடித்திருக்கிறேன்! நாடா பட்ட இடத்தில் அதே கறுத்த வட்டத்தை எத்தனை பேரிடம் பார்த்திருக்கிறேன். அவர்கள் முந்தானையை இழுத்து மூடுவார்கள், நானும் பார்க்காதது போல் அளவை எழுதிக்கொள்வேன். ஓனரம்மாவும் போன பொங்கலுக்கு அளவு கொடுத்தபோது அப்படித்தான் வெடுக்கென்று மூடினார். அந்தக் குழந்தை தினம் அவர் இடுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் இத்தனை பேரும் மூடி மூடி வளர்த்ததை, வாயில்லாத ஒரு நாயின் தலையில் கட்டி ஆட்டோவில் ஏற்றப் பார்க்கிறோம். தூ!

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டோ வந்து நின்றது. ஆட்டோக்காரர் கையில் கயிறும் சாக்கும். கேட்டருகே ஓனரம்மா, வேடிக்கை பார்க்கத் தெருப் பெண்கள் நாலைந்து பேர். நான் வாசல் குழாயடியில் பாப்பாவுக்கு அப்போதுதான் ஷாம்பு போட்டு முடித்திருந்தேன். உடம்பெல்லாம் நுரையோடு அது பொம்மை மாதிரி நின்றது.

"யாரும் கிட்ட வராதீங்க. பத்து நிமிஷம் நிக்கணும் இது" என்றேன்.

"இன்னா வெளாட்றியா? இன்னிக்கி ஞாயித்துக்கிழம" என்றார் ஓனரம்மா.

"தெரியும்க்கா. ஒண்ணு சொல்றேன், எல்லாரும் கேட்டுக்குங்க. இந்தப் படை எனக்கு ரெண்டு வருஷமா இருக்கு. இடுப்புல, நாடா கட்ற எடத்துல. இந்த நாய் வந்து எட்டு மாசந்தான் ஆவுது. என் பாவாடையில படுத்துக்கினு கெடந்துது, என்கிட்டருந்துதான் இதுக்கு வந்துது. அனுப்பணும்னா என்னை அனுப்புங்க. இந்தா, ஆட்டோவுல நானே ஏறிக்கிறேன்."

யாரோ ஒருத்தி, "அய்யய்யே, வெக்கமில்லாம என்னா பேச்சு இது!" என்றாள்.

"வெக்கம் இருந்துதும்மா. ரெண்டு வருஷமா இருந்துது. அதனாலதான் ஆறல" என்றேன்.

சொல்லிவிட்டு ஓனரம்மாவைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. அடுத்து என் வாயிலிருந்து என்ன வரக்கூடும் என்று அவருக்குத் தெரியும். வாசலில் நின்றவர்களில் இன்னும் இரண்டு பேருக்கும் தெரியும். நாக்கு நுனி வரை வந்தது, சத்தியமாக வந்தது. ஆனால் டேப் பிடிக்கும்போது பார்த்ததை நடுத்தெருவில் கொட்டினால் நான் மனுஷி இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பாப்பாவின் காதில் நுரையைத் தேய்த்தேன். ஆட்டோக்காரர் தொடையைச் சொறிந்துகொண்டே, "எனக்கு வேற சவாரி இருக்குதுங்க" என்று வண்டியைக் கிளப்பினார். ஓனரம்மா விடுவிடுவென்று மாடிக்குப் போய்விட்டார்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் ஜாக்கெட் துணியோடு ஒருத்தரும் வரவில்லை. போகட்டும். பாப்பாவின் பழைய படுக்கையைக் கொளுத்தினேன். என் பாவாடைகளையெல்லாம் வெந்நீரில் அலசி, வாசல் கொடியில், மேலே ஒன்றும் போர்த்தாமல், வரிசையாகத் தொங்கவிட்டேன். டீக்கடைக்குப் போகிற ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். துணிதானே, பார்த்தால் என்ன? ஆனாலும் மாடிப்படியில் சத்தம் கேட்கும்போதெல்லாம், வீட்டைக் காலி செய்யச் சொல்லத்தான் ஓனரம்மா வருகிறாரோ என்று மிஷினை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தேன். காலி செய் என்றால் பாப்பாவோடு எந்த வீட்டு வாசலில் போய் நிற்பேன்?

புதன்கிழமை மறுபடியும் ஷாம்பு நாள். பாப்பாவை நுரையோடு நிறுத்திவிட்டு மேலே பார்த்தேன். மொட்டை மாடிக் கொடியில் குழந்தையின் கவுன்கள், தலையணை உறைகள், அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு மெரூன் பாவாடை. நான் தைத்துக் கொடுத்ததுதான், இடுப்புப் பட்டியில் போட்ட இரட்டைத் தையல் கீழேயிருந்தே தெரிந்தது. நாடா மட்டும் புதுசு. மேலே புடவை போர்த்தியிருக்கவில்லை.

ஓனரம்மா கைப்பிடிச் சுவரருகே வந்து எட்டிப் பார்த்தார். என்னைப் பார்க்காமல் பாப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்து நிமிஷம் ஆயிடுச்சா?" என்று கேட்டார்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்குக்கா" என்றேன்.