குன்னூரில் இருபத்தொரு கிலோமீட்டரும் ஏழு முறை கழற்றிய ஷூவும்

ரிசல்ட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை படித்துவிட்டு என்னைத் திட்டக் கூடாது. மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய ஓட்டம், எனக்கு மூன்று மணி ஐம்பத்திரண்டு நிமிடம் ஆனது. மெடல் கிடையாது. போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குன்னூரில் நடந்த அரை மாரத்தான் அது.

எனக்கு ஐம்பத்து நான்கு வயது, அன்னூர்ப் பக்கம் கிராமம். பதினோரு வருடமாகப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறேன், முருகன் புண்ணியத்தில் நடைக்குப் பயமில்லை. சர்க்கரை குறையட்டும் என்று பெங்களூரில் இருக்கும் மகள்தான் என் பேரைப் பதிந்துவைத்தாள். ஆனால் நான் மெனக்கெட்டு ஓடிப் பழகியது எங்கள் வீட்டுக்காரரின் புகையிலைக்காக. முப்பது வருடமாகக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு. ஐப்பசியில் பல்வலி என்று கோயமுத்தூர் போனோம். டாக்டரம்மா கன்னத்துக்குள் ஒரு வெள்ளைப் படலத்தைக் காட்டி, இப்போதே விட்டால் சரியாகலாம், விடாவிட்டால் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டிவரும் என்றார். அதைக் கேட்டுவிட்டு வந்தவர், பஸ் ஸ்டாண்டிலேயே பொட்டலத்தைப் பிரித்தார். நான் பேசாத பேச்செல்லாம் பேசினேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"நீ அந்த மூணரை மணி நேரத்துக்குள்ள ஓடி முடிச்சுப்போடு புள்ள, நான் அன்னைக்கே உட்டுப்போடறேன்."

இரண்டு மாதம் விடியற்காலையில் எழுந்து ஓடினேன். விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ, நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை எட்டரைக்குக் கிளம்பினோம். அன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இருபத்திரண்டு கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். அங்கிருந்து குன்னூர் மலைப்பாதையில் முப்பத்து மூன்று கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். தலைசுற்றல் உள்ளவர்கள் வயிற்றைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள், நான் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் பர்லியார் வரைக்கும் கந்த சஷ்டி கவசம் சொல்லிச் சமாளித்தேன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் அறை வாடகை ஆயிரத்து முந்நூறு. வெந்நீர் ஒரு வாளிதான் தருவார்கள்.

ஓட்டம் காலை ஆறரைக்கு. சிம்ஸ் பார்க் பக்கத்திலிருந்து டால்பின் மூக்கு என்கிற மலைமுனைக்குப் போகிற சாலையில் போய், அதே வழியில் திரும்ப வேண்டும். தேயிலைக்குள் பனி உட்கார்ந்திருந்தது, மூச்சு விட்டால் புகை. நான் எப்போதும் வெறுங்காலில் நடக்கிறவள். குளிருக்கு வேண்டும் என்று மகள் லேஸ் வைத்த ஷூ வாங்கித் தந்திருந்தாள். இங்கேதான் தப்புப் பண்ணினேன். வழியில் வளைவுப் பிள்ளையார், எஸ்டேட் மாரியம்மன், முனியப்பன், ஒரு முருகன் என்று நான்கு சாமிகள். பாதயாத்திரையில் சாமியைத் தாண்டி நடந்து எனக்குப் பழக்கமில்லை. ஷூவோடு கும்பிடவும் மனசு வரவில்லை. நான்கு இடத்திலும் ஓரமாக உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, கும்பிட்டு, விறைத்துப்போன விரலால் லேஸைக் கட்டி எழுந்தால் ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிடம். சரி, போகும்போது கும்பிட்டாயிற்று. திரும்பி வரும்போது அதே சாமி பார்த்துக்கொண்டிருக்க, பேசாமல் ஓடிவர முடியுமா?

பதினைந்தாவது கிலோமீட்டரில் திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் மட்டும். டிரைவர் தலையை நீட்டி, "ஏனுங்கம்மா, ஏறிக்கிறீங்களா?" என்றார்.

"நான் ஏறினா எங்க ஊட்டுக்காரரு பொகையிலைய உடமாட்டாருங்க" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்தார்.

பதினேழாவது கிலோமீட்டரில் மாரியம்மன் கோயில், ஏழாவது முறையாக உட்கார்ந்து கழற்றினேன். எதிரில் நின்று ஓட்டக்காரர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த எஸ்டேட் அம்மா ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். போகும்போதும் பார்த்திருக்கிறார்.

"ஏன்க்கா இப்புடிக் கஷ்டப்படுறீங்க? நாங்க கொழுந்து எடுக்கப் போறப்ப பூட்ஸோட ரோட்டுலயே நின்னு கும்புட்டுட்டுப் போவோம். ஆத்தா இதுவரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்ல."

எட்டாவது சாமியை ரோட்டிலிருந்தே கும்பிட்டேன். ஆனால் அதற்குள் மணி பத்தைத் தாண்டிவிட்டது. நடுவில் பதினெட்டாவது கிலோமீட்டரில் திருப்பூர்க்காரர் ஒருவர் கால் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார். ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிக்கொண்டு, சைரன் போட்டபடி என்னைத் தாண்டிப் போனது.

நான் போய்ச் சேர்ந்தபோது பத்து இருபத்திரண்டு. முடிவிடத்தில் காற்றடைத்து நிறுத்தியிருந்த வளைவை இறக்கிவிட்டிருந்தார்கள், நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் நடு ரோட்டில் நின்றிருந்தார். "நேரத்துக்கு வரலீங்க" என்று அழுதுவிட்டேன். மெடலுக்கு இல்லை, அந்த வெள்ளைப் படலத்தை நினைத்துத்தான். அவர் என்னைத் திண்டில் உட்காரவைத்து, குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தார்.

எதிரில் இருந்த கடையில் டீயும் வர்க்கி பிஸ்கோத்தும் வந்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். பத்து மணிக்கு மைக்கில், இன்னும் ஒரு அம்மா பாக்கி, ஆம்புலன்ஸ் அவங்க கூடவே வருது என்று சொல்லியிருக்கிறார்கள். என் போனுக்கு லைன் கிடைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சைரனோடு வண்டி வந்து நின்றிருக்கிறது.

"கதவத் தொறக்கறதுக்குள்ள சாமிகிட்டச் சொல்லிப்போட்டேன் புள்ள. அவ நல்லபடியா வந்தாப் போதும், இனி அந்தக் கருமத்தைக் கையில தொடமாட்டேன்னு."

கோயிலுக்குப் போனால் செருப்புக்குக் காவலாக வெளியே நிற்கிற மனுஷர் இவர். எந்தச் சாமியிடம் சொன்னார் என்று கேட்டேன். அதையெல்லாம் யார் பார்த்தது என்றார்.

"நான் நேரத்துக்கே வந்திருந்தா உட்டிருப்பீங்களா?"

டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "உன்ற கிட்டச் சொன்னதுன்னா ஏதாச்சும் சாக்குச் சொல்லியிருப்பேன். இது அப்படி முடியாதுல்ல."

ஆறு வாரம் ஆகிறது. கிராம்பை மென்றுகொண்டு எல்லோர் மேலும் எரிந்து விழுகிறார், விழட்டும். போன வாரம் டாக்டரம்மா பார்த்து, படலம் குறைந்திருக்கிறது, இப்போதைக்குச் சதை எடுக்க வேண்டாம் என்றார். அன்று ராத்திரிதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

நீங்கள் போவதாக இருந்தால்: முதல் நாள் மத்தியானத்துக்குள் குன்னூர் சேர்ந்துவிடுங்கள். மலையில் ஏற்றத்தைவிட இறக்கம்தான் முட்டியைப் பதம் பார்க்கும், கீழே ஊரில் பழகும்போதே ஏதாவது மேடு தேடி ஏறி இறங்குங்கள். லேஸ் இல்லாத ஷூ நல்லது. சாமியை ரோட்டிலிருந்தே கும்பிடலாம், தெய்வக் குற்றமில்லை. டால்பின் மூக்குப் பக்கம் போனுக்குச் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், அதனால் முடிவிடத்தில் காத்திருப்பவரிடம் தாமதமானால் பயப்பட வேண்டாம் என்று கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. அதற்காக மட்டும் நான் வருத்தப்படப் போவதில்லை.