அவர் படித்தது வேறு, எழுதியது வேறு

போன ஆவணியில் ஒரு நாள், காலை பதினோரு மணி இருக்கும். ஒத்தக்கடையில் எங்கள் வீட்டு வாசலில் ஆட்டுக்கு அகத்திக்குழை கட்டிக்கொண்டிருந்தேன். தோளில் பையோடு ஒருவர் வந்து நின்றார்.

"ஆத்தா, என்னைத் தெரியுதா?"

உற்றுப் பார்த்தேன். பல வருஷத்துக்கு முன் எங்கள் பகுதி ஸ்டேஷனில் எஸ்.ஐ.யாக இருந்தவர்.

"மீசையை எங்கய்யா தொலைச்சீக?" என்றேன். சிரித்தார். போலீஸ் வேலையை விட்டுவிட்டு மேலே படித்து, இப்போது ஒரு கல்லூரியில் குற்றவியல் பேராசிரியராக இருக்கிறாராம்.

அவரிடம்தான் ஒருமுறை புகார் கொடுத்திருந்தேன். என் சினையாடு இரண்டையும் ஒருவன் வண்டியில் ஏற்றிப் போனதைக் கண்ணால் பார்த்தேன். அவன் பேரையும் சொன்னேன். எனக்கு என் பேரை எழுத வரும். அதற்கு மேல் வராது. ஆனாலும், படித்துக் காட்டினால்தான் கையெழுத்து என்று நின்றேன். அவரும் படித்துக் காட்டினார். ஆடு கிடைக்கவில்லை. ஆனால், போலீசையே படிக்க வைத்தவள் நான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மோர் கொடுத்தேன். வாங்கியவர் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ஆத்தா, அன்னைக்கு நான் படிச்சது வேற, எழுதுனது வேற. மேயப் போன ஆடு திரும்பலைன்னுதான் எழுதுனேன். அவன் பேரே அதுல இல்ல."

ஆடு போனபோதுகூட எனக்கு இப்படி வலிக்கவில்லை.

"அம்புட்டுப் பேருகிட்ட பீத்திக்கிட்டேனேய்யா!"

"புகார் எழுதுற பாடம் வந்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கிருது ஆத்தா. நீங்க ஒரு நாள் வகுப்புக்கு வரணும். உங்க முன்னாலயே பிள்ளைககிட்டச் சொல்லணும்."

"நான் ஏமாந்தவள்னு காட்டவா?"

"இல்ல, நான் ஏமாத்துனவன்னு காட்ட."

உள்ளே போய்விட்டேன். மூன்றாம் நாள் மகளை விட்டு அவருக்குப் போன் போட்டுவிட்டு, நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு அவர் வகுப்புக்குப் போனேன்.

என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். நன்றாகத் திட்ட வேண்டும் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். அவர் தலைகுனிந்து நிற்பதைப் பார்த்ததும், "போதும், உட்காருய்யா" என்றுதான் வாயில் வந்தது.

"இன்னும் முடியல ஆத்தா" என்றார். யார் சொல்லி அவன் பேரை எழுதாமல் விட்டார் என்பது வரை சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்.

இப்போது அந்தப் புகாரைப் பற்றி யாராவது கேட்டால், நான் ஏமாந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். அத்தனை பேர் முன்னால் தன் தப்பைச் சொல்ல அவருக்கு மனசு இருந்தபோது, எனக்கு மட்டும் என்ன குறைந்துவிடப் போகிறது?