வதனியைத் தனிய விடாத ஆண்டவர்

அன்டைக்கு விடிஞ்சதுல இருந்தே என்ட மனுசிக்குத் தலையிடி. வயித்துல பிள்ளைக்கு எட்டாம் மாசம் நடந்துக்கிட்டிருந்திச்சு. காலு ரெண்டும் வீங்கி, செருப்புக்குள்ள பாதம் போகேலாம இருந்தா. "கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்கிற மாதிரிக் கிடக்கு" என்டு சொன்னா. நான் த்ரீவீல் பிடிச்சிட்டு வரப் போனேன். திரும்பி வாறதுக்குள்ள குசினியில, அடுப்புக்குப் பக்கத்துல விழுந்து கிடந்தா. கை கால் எல்லாம் இழுத்து வெட்டுது. வாயில நுரை. என்னைப் பார்க்கிறா, ஆனா என்னைத் தெரியல்ல.

சகோதரங்களே, கடல்ல எத்தனையோ தரம் சாவைக் கிட்டப் பார்த்தவன் நான். கச்சான் காத்துல வள்ளம் கவிழ்ந்து, வெறும் எண்ணெய்க் கானைப் பிடிச்சு மிதந்திருக்கிறேன். அப்பவெல்லாம் இப்படி நடுங்கல்ல.

அது யுத்தம் முடிஞ்சு கொஞ்ச வருஷம் போன காலம். மே மாசம், மாதாவுக்கு வணக்கம் செலுத்துற மாசம். நாங்க நுரைச்சோலைக்கும் பள்ளிவாசல்துறைக்கும் இடையில, கடலோரமா ஒரு ஓலை வீட்டுல இருந்தோம். கலியாணம் முடிச்சு ரெண்டாவது வருஷம். அதுதான் முதல் பிள்ளை.

என்ட மனுசியைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். அவ வன்னிப் பிள்ளை. முகாம்ல இருந்து வெளிய வந்து, இங்க இருக்கிற ஒரு சித்தி வீட்டுல வந்து தங்கினவ. பதிவுல பேர் மேரி பிலோமினா. வீட்டுல வதனி. சண்டை முடியிற நேரம் அவட அம்மா காயப்பட்டுட்டாங்க. காயக்காரங்களை ஏத்தின வண்டியில அம்மாவை ஏத்தினாங்க. இடமில்லை என்டு சொல்லி இவவை இறக்கி விட்டுட்டாங்க. அதுக்குப் பிறகு அம்மாவைக் காணல்ல. எங்க கொண்டு போனாங்க, கடைசியில பக்கத்துல யாரு இருந்தாங்க, ஒண்டும் தெரியாது. இதை ஒரே ஒரு தரம்தான் எனக்குச் சொன்னா. சொல்லிட்டு, "எனக்கு ஏதும் நடந்தா என்னைத் தனிய விட்டுட்டுப் போகாதேங்கோ" என்டு கேட்டா. நானும், "விடமாட்டேன், மாதா மேல சத்தியம்" என்டு சொன்னேன்.

ஆஸ்பத்திரி என்ட பேரைக் கேட்டாலே அவவுக்கு உடம்பு விறைக்கும். கிளினிக்குக்குக் கூட என்ட கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வருவா.

முதல்ல புத்தளத்துக்குக் கொண்டு போனோம். அங்க இருந்து அம்பியூலன்ஸ்ல சிலாபத்துக்கு அனுப்பினாங்க. வழியில திரும்பவும் வலிப்பு வந்திச்சு. சிலாபத்துல இறக்கின உடனே ஒபரேஷன். பெண் பிள்ளை. ஒரு பாண் அளவுக்குத்தான் இருக்கும். அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு ஒரு பக்கம் கொண்டு போயிட்டாங்க. தாயை ஐ.சி.யூ.வுக்குள்ள கொண்டு போயிட்டாங்க. நான் நடுவுல நின்டேன். எந்தப் பக்கம் ஓடுறது என்டு தெரியல்ல.

டொக்டர் நல்ல மனுசன். என்னைக் கூப்பிட்டுப் பொறுமையாச் சொன்னார். "மயக்க மருந்தை நிப்பாட்டியாச்சு. இனி அவ கண்ணைத் திறக்கணும். திறப்பா என்டுதான் பார்த்துக்கிட்டிருக்கோம். எப்ப என்டு சொல்லேலாது."

அடுத்த நாள் கண்ணைத் திறக்கல்ல. அதுக்கு அடுத்த நாளும் திறக்கல்ல.

ஐ.சி.யூ.வுக்குள்ள யாரும் நிக்கேலாது. பகல்ல கொஞ்ச நேரம், பின்னேரம் கொஞ்ச நேரம் பார்க்க விடுவாங்க. பிறகு கதவு மூடிரும். அது அவங்கட சட்டம், நோயாளியட நன்மைக்குத்தான். ஆனா எனக்கு அந்தக் கதவு மூடும்போது நெஞ்சு வெடிக்கும். அவவுக்கு நான் குடுத்த வாக்கு என்ன? உள்ள அவ, யாரும் தன்ட மொழி பேசாத இடத்துல, மெஷின் சத்தத்துக்கு நடுவுல கிடக்கிறா. அவட அம்மாவைப் போலவே.

வெளிய ஆக்கள் இருக்கிறதுக்கு ஒரு நீட்டு மரவாங்கு. அதுல குந்திக்கிட்டு செபமாலையைக் கையில எடுத்தேன். மாலையில ஒரு பத்து மணி கூடச் சொல்லி முடிக்கேலல்ல. வாய் சொல்லுது, மனசு எங்கயோ போகுது. கடைசியில மாலையை மடியில வச்சிட்டு, சும்மா கதைச்சேன். "ஆண்டவரே, அவவை எழுப்பு என்டு கேட்கக் கூட எனக்குப் பயமா இருக்கு. ஒண்டு மட்டும் கேட்கிறேன். நான் உள்ள போகேலாது. எனக்குப் பதிலா யாரையாவது அவ பக்கத்துல நிக்க வை. அவ தனிய இல்ல என்டு யாராவது அவவுக்குச் சொல்லட்டும்." வேற ஒண்டும் கேட்கல்ல. முகத்தை மூடிக்கிட்டு அழுதேன்.

பின்னேரம் ஒரு மிஸ் கதவைத் திறந்துக்கிட்டு வந்தாங்க. நேர்ஸ்மாரை நாங்க மிஸ் என்டுதானே சொல்றது. கொஞ்சம் வயசானவங்க, தடிச்ச கண்ணாடி. பேர் சந்திரா. "தம்பிதானே பிலோமினாட மஹத்தயா?" என்டு கேட்டாங்க. அவங்க கதைச்சது சிங்களம், அதுல புருஷனை அப்படித்தான் சொல்றது. நான் பயந்து எழும்பினேன். கெட்ட சேதிதான் என்டு நினைச்சேன்.

"இரி, இரி" என்டு சொல்லிட்டு, அவங்களும் அந்த வாங்குல என் பக்கத்துல இருந்தாங்க.

மருந்து வாங்கிட்டு வாங்க என்டு சொல்லல்ல. கையெழுத்துக் கேட்கல்ல. "நங்கியை வீட்டுல என்ன பேர் சொல்லிக் கூப்புடுற?" என்டு கேட்டாங்க. நங்கி என்டா தங்கச்சி.

"வதனி, மிஸ்."

"வதனி. வதனி." ரெண்டு மூணு விதமாச் சொல்லிப் பார்த்தாங்க. "நான் பிலோமினா, பிலோமினா என்டு கூப்பிட்டேன். அது அவட காதுக்குப் பழக்கமில்லாத பேர்தானே." பிறகு கேட்டாங்க, "அவளுக்கு எதுக்குப் பயம்?"

சிலாபம் மீன் சந்தையில பழகின சிங்களம் எனக்கு ஓரளவு வரும். அந்தச் சிங்களத்துல அவட அம்மாட கதையைச் சொன்னேன். நான் குடுத்த வாக்கையும் சொன்னேன். சொல்லி முடியும்வரை அவங்க கடிகாரம் பார்க்கல்ல. நான் அழுதபோது முதுகுல கையை வச்சுக்கிட்டு இருந்தாங்க. அவ்வளவுதான்.

பிறகு சொன்னாங்க, "தம்பி, அவ எழும்புவா என்டு நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. ஆனா தனிய இருக்க மாட்டா. நான் இருக்கும்போது நான் பக்கத்துல இருக்கிறேன். நான் போகும்போது அடுத்த மிஸ்ஸுக்குச் சொல்லிட்டுப் போவேன். இப்ப எனக்குக் கொஞ்சம் தமிழ் சொல்லித் தா."

அந்த வாங்குல இருந்து நான் ஒரு மிஸ்ஸுக்குத் தமிழ் படிப்பிச்சேன். "அவர் வெளியில நிக்கிறார்." "உங்களை விட்டுட்டுப் போகல்ல." "மகள் சுகமா இருக்கிறா." அவங்களுக்கு அந்த ள வராது. 'மகல்' என்டு சொல்லுவாங்க. நான் அழுகையோட சிரிச்சேன். அவங்களும் சிரிச்சாங்க. வீட்டை விட்டு வந்ததுக்குப் பிறகு நான் சிரிச்சது அதுதான் முதல் தரம்.

எழும்பிப் போகும்போது திரும்பிப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்டு கேட்டாங்க. இல்லை என்டேன். "முதல்ல போய்ப் பாண் பருப்பு சாப்பிட்டுட்டு வா. பசியில விழுந்து கிடக்கிற புருஷனையும் சேர்த்துப் பார்க்க எனக்கு ஏலாது" என்டாங்க.

அதுக்குப் பிறகு எல்லாம் வேற மாதிரி இருந்திச்சு. கதவு அதே கதவுதான், நேரமும் அதே நேரம்தான். ஆனா உள்ள போகும்போது சந்திரா மிஸ் என்ட கையைப் பிடிச்சு, வதனியட கைக்கு மேல வைப்பாங்க. "மெஷினைப் பார்க்காத, இவளைப் பார்" என்டு சொல்லுவாங்க. ஈரப் பஞ்சால உதடு துடைக்கப் பழக்கினாங்க. கால் பாதத்துக்கு எண்ணெய் பூசச் சொல்லித் தந்தாங்க. என்ட கை வலை இழுத்து இழுத்துக் காய்ச்சுப் போன கை. அந்தக் கையால அவட தலைமுடியைப் பிரிச்சுப் பின்னிவிட்டேன். கோணலாத்தான் வந்திச்சு. ஆனா அவவுக்கு ஏதோ செய்யிறேன் என்ட ஒரு ஆறுதல். அதுவரைக்கும் நான் அங்க சும்மா நிக்கிற ஒரு ஆள்.

பிள்ளை வாட்டு மிஸ்ஸோட கதைச்சு என்னை அங்கயும் கூட்டிட்டுப் போனாங்க. "சேட்டைக் கழட்டு" என்டாங்க. எனக்கு வெட்கம். பிள்ளையைத் தூக்கி என்ட வெறும் நெஞ்சுல வச்சு, மேல ஒரு துணியைப் போர்த்திக் கட்டிவிட்டாங்க. "அம்மா வாற வரைக்கும் அப்பாட சூடு" என்டாங்க. நான் மூச்சு விடவே பயந்தேன். கொஞ்ச நேரத்துல அந்தச் சின்னக் காது என்ட நெஞ்சுல ஒட்டிக்கிட்டு, பிள்ளை நித்திரை ஆயிட்டா. யன்னலுக்கு வெளிய தென்னை ஓலை சலசலக்குது. தூரத்துல கொழும்பு ரயில் போகுது. அந்த நேரம், அந்த டெட்டோல் வாசம், அந்த மத்தியான வெளிச்சம், இப்ப நினைச்சாலும் கண் கலங்குது. என்ட வாழ்க்கையில ஆகக் கஷ்டமான நாள் அது. ஆனா திரும்பப் போய் ஒரு தரம் இருந்து பார்க்கணும் என்டு ஆசைப்படுற நாளும் அதுதான்.

என்ட அக்கா ஊர்ல இருந்து வந்து, கட்டிலைக் கண்ட உடனே ஓலம் வச்சு அழத் தொடங்கினா. சந்திரா மிஸ் ஏசல்ல. தோளைப் பிடிச்சு வெளிய கூட்டிட்டு வந்து, "அக்கா, உங்கட ஃபோன்ல பிள்ளை அழுற சத்தத்தைப் பிடிச்சிட்டு வாங்க. அது எனக்கு வேணும்" என்டாங்க. நான் அதைத் தமிழ்ல சொன்னதும் அக்கா கண்ணைத் துடைச்சிட்டு ஓடினா. டொக்டர்கிட்டக் கேட்டுட்டு, அந்தச் சத்தத்தை வதனியட காதுக்குப் பக்கத்துல வச்சுப் போட்டாங்க. நாங்க எல்லாரும் அவட முகத்தையே பார்த்துக்கிட்டு நின்டோம். ஒண்டும் நடக்கல்ல. ஒரு விரல் கூட அசையல்ல. மிஸ் ஃபோனை அக்காட கையில குடுத்து, "நாளைக்கும் போடுவோம்" என்டு மட்டும் சொன்னாங்க.

மறுநாளும் போட்டாங்க. அதுக்கு அடுத்த நாளும் போட்டாங்க.

வதனி கண்ணைத் திறந்தது சந்திரா மிஸ் லீவுல நின்ட ஒரு காலையில. நான் பைப்படியில முகம் கழுவிக்கிட்டிருந்தேன். ஒரு இளம் மிஸ் ஓடி வந்தாங்க. புதுசா வந்த பிள்ளை, ஒரு சொல் தமிழ் தெரியாது. "வதனி! வதனி!" என்டு கத்திக்கிட்டுத் தன்ட கண்ணைத் தொட்டுக் காட்டினாங்க. அப்பதான் எனக்கு விளங்கிச்சு. அந்தப் பேரைச் சந்திரா மிஸ் ஒவ்வொரு ஆளுக்கும் சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்காங்க. யாருமே அவவைப் பிலோமினா என்டு கூப்பிடல்ல.

ஈரக் கையோட உள்ள ஓடினேன். கண் திறந்திருக்கு. என்னைப் பார்க்கிறா. இந்த முறை என்னைத் தெரியுது. தொண்டையில குழாய் இருந்தபடியால கதைக்கேலல்ல. கண்ணால தண்ணி வழிஞ்சிச்சு. நான் முழங்கால்ல நின்டு கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, "மாதாவே, மாதாவே" என்டு மட்டும்தான் சொன்னேன்.

குழாய் எடுத்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக் கதைச்சா. "நீங்க வெளியிலதானே நிண்டனீங்கள்?" என்டு கேட்டா.

"ஓம். உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு பொம்பிள சொல்லிக்கொண்டே இருந்தவா. அவர் நிக்கிறார், அவர் போகேல்ல எண்டு. நான் முதல்ல அம்மாவாக்கும் எண்டு நினைச்சன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிட்டு, "ஆனா அம்மாவுக்குத் தமிழ் இவ்வளவு மோசமில்லை" என்டா.

நான் அந்த வாங்குல இருந்து கேட்டது இதைத்தானே. இதே சொல்லு. யாராவது அவவுக்குச் சொல்லட்டும் என்டு கேட்டேன். சொல்லியிருக்காங்க. கேட்டும் இருக்கு.

சந்திரா மிஸ் லீவு முடிஞ்சு வந்த உடனே பிள்ளையைத் தூக்கிட்டு வந்து வதனியட நெஞ்சுல வச்சாங்க. "மகல்" என்டாங்க. வதனி சிரிச்சுக்கிட்டே, "மகள், மிஸ்" என்டு திருத்தினா.

ஊருக்குப் போற நாள், மிஸ்ஸுக்குக் கொஞ்சம் இறால் கருவாடு குடுத்தோம். வேணாம் என்டாங்க. வதனி விடல்ல. "நான் எங்கட அம்மாவுக்குக் குடுக்கிறன் எண்டா வாங்க மாட்டாவோ?" என்டு கேட்டா. அதை நான் சிங்களத்துல சொன்னதும், மிஸ் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. பிறகு வாங்கிக்கிட்டாங்க. கொஞ்ச வருஷத்துல பென்ஷன் எடுத்துக்கிட்டுத் தன்ட ஊருக்குப் போயிட்டாங்க. திருநாளுக்குத் திருநாள் ஃபோன் எடுத்துக் கதைப்போம். அவங்க புத்தரைக் கும்பிடுறவங்க. எங்கட செபத்துல அவங்க பேர் தப்பாது.

மகள் இப்ப பெரிய பிள்ளை. மாதாட தாய் அன்னம்மாட பேர் வச்சிருக்கோம். நல்லாப் படிக்கிறா, நல்லா வாயடிக்கிறா. ஆனா நான் சொல்ல வந்த பெரிய அதிசயம் வதனிதான். ஆஸ்பத்திரி வாசல்ல நடுங்கின பிள்ளை, சுகமானதுக்குப் பிறகு சிங்களம் படிக்கத் தொடங்கினா. இப்ப எங்கட பக்கத்துல இருந்து தமிழ்ப் பொம்பிளையள், முஸ்லிம் பொம்பிளையள் பிரசவத்துக்குப் போனா, கூடப் போறவ அவதான். டொக்டர் சொல்றதைச் சொல்லிக் குடுப்பா. கை பிடிச்சுக்கிட்டு இருப்பா. போன மாசம் கற்பிட்டிப் பக்கத்து முஸ்லிம் பிள்ளை ஒண்டு, புருஷன் வெளிநாட்டுல, உம்மாவும் மௌத்தாப் போயிட்டா. வலியில வதனியை அக்கா முறையில, "லாத்தா, போயிராதீங்க" என்டு கூப்பிட்டுக் கத்தியிருக்கு. வதனி நேரம் முழுக்கப் பக்கத்துல நின்டு, பிள்ளை பிறந்த பிறகுதான் வீட்டுக்கு வந்தா. காலு வீங்கியிருந்திச்சு. நான் எண்ணெய் பூசிவிட்டேன்.

சகோதரங்களே, உங்களுக்குச் சொந்தமான யாராவது இப்ப ஒரு மூடின கதவுக்குள்ள இருக்கலாம். உங்களால உள்ள போகேலாம இருக்கலாம். பெரிய செபம் வராட்டிப் பரவாயில்லை. வாயில வாறதைக் கேளுங்க. ஆண்டவருக்கு நம்மட பாஷை, மதம், நேரம் ஒண்டும் தடையில்லை, அவர் ஆள் அனுப்புவார். எனக்கு அனுப்பினார். அதுக்கு நான் சாட்சி.

இன்னொண்டு. உங்க தெருவுல, உங்க வாட்டுல, பக்கத்துக் கட்டில்ல யாராவது தனியக் கிடந்து இதே செபத்தைச் சொல்லிக்கிட்டிருக்கலாம். அவருக்கு அனுப்ப ஆண்டவர் தேடுற ஆள் நீங்களா இருந்தா, யோசிக்காம எழும்பிப் போங்க. போய்ப் பக்கத்துல இருங்க. முதல்ல பேரைக் கேளுங்க.