கேளம்பாக்கத்துக்குப் போன குட்டி

டெய்லர் அக்கா ஒரு நாய்க்குட்டியை யாருக்காவது கொடுத்தனுப்பும்போது முதலில் கத்தரிக்கோலைத்தான் எடுப்பார். குட்டிகள் படுத்துப் புரண்ட விரிப்பிலிருந்து ஒரு முழம் வெட்டி, ஓரத்தை மடித்து மெஷினில் ஒரு ஓட்டு ஓட்டி, குட்டியோடு சேர்த்து அந்தத் துண்டையும் வந்தவர் கையில் கொடுப்பார். "இத்த தோய்ச்சிடாதீங்க. கூடப் பொறந்ததுங்க வாசனை இதுல கீது. மொத நாள் இதும்மேல படுக்கப் போடுங்க, அழுவாது" என்பார். ஒன்றாக வந்துசேரும் ஒவ்வொரு ஈட்டுக் குட்டிகளுக்கும் புதிதாக ஒரு விரிப்பு தைப்பார். கடைசிக் குட்டி போகும்போது விரிப்பும் தீர்ந்துபோயிருக்கும். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற வீட்டில்கூட இவ்வளவு கவனமாகச் சீர் பிரித்து நான் பார்த்ததில்லை.

திருமணமான புதிதில் நாங்கள் இரும்புலியூரில் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தோம். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில ஆண்டுகள். ஜி.எஸ்.டி. ரோட்டை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள், வாரத்துக்கு ஒரு நாயாவது அடிபட்டுச் சாகும். தாய் செத்த குட்டிகளை அட்டைப்பெட்டியில் போட்டு யாராவது அக்காவின் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டுப் போவார்கள். அந்த வட்டாரத்தில் அவரைத் தெரியாதவர் கிடையாது. முன்னறையில் தையல், பின்னால் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கொட்டகையில் குட்டிகள். அவர் கணவரை எல்லோரும் பாய் என்றுதான் அழைப்போம். தாம்பரம் மார்க்கெட்டில் இரும்புச் சாமான் கடையில் வேலை. கொட்டகையில் எத்தனை வேண்டுமானாலும் வளர்த்துக்கொள், தொழுகை நடக்கிற வீட்டுக்குள் மட்டும் ஒன்றும் கால் வைக்கக் கூடாது என்பது அவர் போட்ட ஒப்பந்தம். அக்கா அதை ஒரு நாளும் மீறியதில்லை. குட்டிகளுக்கென்று தனியாக ஒரு நைட்டி வைத்திருந்தார். தொழுகைக்கு முன் அதைக் கழற்றி வெளியே கொடியில் போட்டுவிட்டு, குளித்து, வேறு உடை மாற்றிக்கொண்டுதான் உள்ளே போவார். ஒரு நாளைக்கு எத்தனை முறை குளித்தார் என்று அவருக்கே கணக்கு இருந்திருக்காது.

குட்டிகளுக்கு வீடு பார்ப்பது என் வேலை. கல்யாணத் தரகர் தோற்றுப்போவார், அப்படி அலைந்தேன். வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில், கோயிலில், மின்சார ரயிலில் லேடீஸ் பெட்டியில், எங்கே போனாலும் என் பேச்சு நாய்க்குட்டியில்தான் வந்து நிற்கும். குட்டிகளுக்குப் பெயர் வைக்க அக்கா விடமாட்டார். "பேர வச்சா அப்புறம் குடுக்க மனசு வராதும்மா" என்பார். அடையாளத்துக்கு ஜாக்கெட் துணி மிச்சத்தில் ஒரு நாடா கிழித்துக் கழுத்தில் கட்டுவார். கடைசியில் அந்த நிறமே பெயராகிவிடும். வாடாமல்லி, கிளிப்பச்சை, மயில்கழுத்து, காபிப்பொடி என்று அவர் கூப்பிட, வாலை ஆட்டிக்கொண்டு அதது வந்து நிற்கும். காலையில் கொட்டகைக் கதவைத் திறந்ததும் ஆறேழு உருண்டைகள் அவர் காலில் மோதிக் கவிழ்ந்து விழுவதைப் பார்க்கவே நான் மாடிப்படியில் காபியோடு உட்கார்ந்திருப்பேன். அந்த அரை மணி நேரம் மாதிரி ஒரு சந்தோஷம் எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை என்று சொன்னால் என் கணவர் கோபித்துக்கொள்வார்; ஆனால் உண்மை அதுதான்.

குட்டியைக் கொடுக்கும் நாளில் அக்கா வாசல்வரை வரமாட்டார். துண்டைத் தைத்துக் கொடுத்ததும் மெஷினில் போய் உட்கார்ந்து மிதிக்கத் தொடங்கிவிடுவார். ஒருமுறை எட்டிப் பார்த்தேன். ஊசிக்குக் கீழே துணியே இல்லை. வெறுமனே மிதித்துக்கொண்டிருந்தார்.

மாம்பழம் வந்தது ஒரு ஆடி மாதம். மாம்பழ நிற நாடா கட்டிய, எலும்பும் தோலுமான குட்டி. இரண்டு வாரம் இங்க் ஃபில்லரில் பால் புகட்டித்தான் அதைப் பிழைக்கவைத்தார். கூட வந்தவை ஒவ்வொன்றாகப் போன பிறகும் அது மட்டும் நின்றுவிட்டது. பின்வாசல் படிக்கு வெளியே உட்கார்ந்து உள்ளே நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு நாளும் படி தாண்டியதில்லை. "இதுக்கு இருக்குற மரியாதை நம்ம சொந்தக்காரனுங்களுக்கு இல்ல" என்று பாய் சொல்லிச் சிரிப்பார். கடைசியில் என் கணவரின் ஆபீஸ் நண்பர் ஒருவர் கேட்டார். கேளம்பாக்கத்தில் புதுக் குடியிருப்பில் வீடு வாங்கியிருந்தார். தடுப்பூசியை அடுத்த வாரமே போட்டுவிடுவதாகச் சொன்னார். நான்தான் பேசி முடித்தேன். விரிப்பின் கடைசித் துண்டும் மாம்பழத்தோடு போனது. அன்றைக்கு அக்கா வெகுநேரம் மிதித்தார்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, என் கணவர் ஆபீஸிலிருந்து ஒரு ஜவுளிக்கடைப் பையோடு வந்தார். உள்ளே அந்தத் துண்டு, சோப்புப் போட்டுத் துவைத்து மடித்து இருந்தது. குட்டிக்கு வாந்தி, ரத்தமாகப் பேதி, மூன்றே நாளில் செத்துவிட்டதாம். அங்கே பக்கத்து வீட்டுக் குட்டியும் அதற்கு முந்தின வாரம் அப்படித்தான் போனதாம். நண்பருக்கு எங்கள் முகத்தில் விழிக்கக் கூச்சம். துணியைத் தூக்கிப்போடவும் மனசு வராமல் கொடுத்தனுப்பியிருந்தார்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் இறங்கிப் போனேன். அந்த ஆண்டு தீபாவளியும் ரம்ஜானும் ஒரே வாரத்தில் வந்தன. முன்னறையில் கழுத்தளவு துணி. அக்கா நோன்பு வைத்துக்கொண்டு, உதடு காய்ந்து தைத்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே தலை நிமிராமல் கேட்டார்.

"மாம்பழம் எப்டி கீது? சார் இன்னாவது சொன்னாரா?"

"நல்லா இருக்காம்க்கா" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "சோபால ஏறிப் படுத்துக்குதாம். எறக்கிவிட்டா கொலைக்குதாம்."

அவர் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். இங்கே படியைத் தாண்டாத குட்டி அங்கே சோபாவில் ஏறிவிட்டதே என்ற சிரிப்பு. பண்டிகை முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று மாடிக்கு வந்துவிட்டேன். நல்ல மனசோடுதான் பொய் சொன்னேன் என்று பல வருடம் என்னையே சமாதானப்படுத்திப் பார்த்திருக்கிறேன். பாதி உண்மை. அந்த வீட்டைப் பார்த்துக் கொடுத்தது நான் என்ற பயம் மீதிப் பாதி.

இரண்டு நாள் கழித்து, கொட்டுகிற மழையில், பீர்க்கன்கரணை ஏரிக்கரையிலிருந்து ஐந்து குட்டிகள் வந்தன. தாய் முந்தின நாள் லாரியில் அடிபட்டிருந்தது. விரிப்பு தைக்க அக்காவுக்கு நேரமே இல்லை. கோணியைப் போட்டுப் படுக்கவைத்தார். ஐந்தும் சேர்ந்து பகலெல்லாம் கத்தின. லீவு நாள், நான் மாடியில் இருந்தேன். கேட்கச் சகிக்கவில்லை. மடித்து வைத்திருந்த துண்டு ஞாபகம் வந்தது. துவைத்த துணிதானே என்று எடுத்துக்கொண்டு போனேன்.

அக்கா பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டார். தான் தைத்தது அவருக்குத் தெரியாதா? "இது எப்டி வந்திச்சு?" என்றார்.

"அதுக்கு இப்ப இது வேணாமாம்க்கா. வீடு பழகிடுச்சாம். இங்க யாருக்காவது ஆவும்னு குடுத்தனுப்பினாங்க."

இரண்டாவது பொய் முதல் பொய்யைவிடச் சுலபமாக வந்தது. அவர் துணியை வாங்கி முகத்தில் வைத்து முகர்ந்தார். "நல்ல எடத்துக்குப் போன துணி. இதுங்களுக்கும் அப்டியே அமையட்டும், இன்ஷா அல்லா" என்று சொல்லி, அவரே கோணியின் நடுவில் விரித்தார். குட்டிகள் அதன் மேல் ஏறி ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டன. நான் பெருமையோடு நின்று பார்த்தேன்.

ஆறாம் நாள், இந்த ஐந்தில் வாடாமல்லி நாடா கட்டியிருந்த குட்டி பால் குடிக்கவில்லை. மறுநாள் காலை இரண்டு குட்டிகள் வாந்தி எடுத்தன. கொட்டகையில் ஒரு நாற்றம். அந்த நாற்றத்தை ஒருமுறை அறிந்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஐந்தையும் கூடையில் வைத்து ஆட்டோவில் மேற்குத் தாம்பரத்தில் இருந்த ஒரு மாட்டு டாக்டரிடம் கொண்டுபோனோம். நாய்களையும் அவர்தான் பார்ப்பார். பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார்.

"சமீபத்துல உங்க வீட்டுல குட்டி ஏதாவது செத்துதாம்மா? இல்ல, குட்டி செத்த வீட்டுலேர்ந்து துணி, தட்டு, ஏதாவது வந்துதா? இந்தக் கிருமி சோப்புல போவாது. மாசக்கணக்கா ஒட்டிக்கினு இருக்கும். நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. இதுல ரெண்டு இன்னும் தெம்பாதான் இருக்கு. எதுலேர்ந்து வந்துதுன்னு தெரிஞ்சா அதைவிட்டுத் தள்ளி வச்சுப் பார்க்கலாம்."

"இல்ல சார்" என்றார் அக்கா, ஒரு நொடிகூட யோசிக்காமல். "போன ஈடு அத்தினியும் நல்லா கீது. கடைசியா போனதுகூட சோபால படுத்துகினு கீதாம். இந்தப் பொண்ணுதான் விசாரிச்சிட்டு வந்து சொல்லிச்சு." சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

டாக்டரும் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

இதை எழுதும்போது எனக்கே என் மேல் அருவருப்பாக இருக்கிறது. வாயைத் திறக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியத்துக்கு. இரண்டு குட்டிகளாவது ஒருவேளை பிழைத்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் அந்தத் துண்டை யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்டுபோய்க் குப்பையோடு எரித்தேன். குட்டிகள் அதே கொட்டகையில், அதே கோணியில்தான் படுத்தன.

அக்கா போராடினார். உப்புச் சர்க்கரைத் தண்ணீரை ஊசியில்லாத சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாகப் புகட்டுவார். பாங்கு கேட்டதும் ஓடிப்போய்க் குளித்துத் தொழுதுவிட்டு, மறுபடி அந்த நைட்டியைப் போட்டுக்கொண்டு வந்து உட்காருவார். நோன்பு வைத்த உடம்பு; ஒருமுறை துவைக்கிற கல்லில் தலையைச் சாய்த்து அப்படியே மயங்கிவிட்டார். தைத்துக் கொடுக்க வேண்டிய ஜாக்கெட்டுகளுக்காக ஜனங்கள் வாசலில் நின்று சத்தம் போட்டார்கள். முதலில் வாடாமல்லி போனது, பிறகு ஒரே நாளில் மூன்று. தெம்பாக இருந்த கிளிப்பச்சைதான் கடைசி. ரம்ஜான் அன்று காலை அதுவும் போனது. பாய் தொழுகை முடிந்து புதுச் சட்டையோடு வந்தவர், கையை மடித்துவிட்டுக்கொண்டு, கொட்டகைக்குப் பின்னால் குழி தோண்டினார். மத்தியானம் வழக்கம்போல மாடிக்குப் பிரியாணி வந்தது. சாப்பிட்டேன்.

அக்கா அழவில்லை. இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எங்கியோ என் கைலதாம்மா தப்பு. பாலு காய்ச்சுனதா, கொடுத்ததா, ஒண்ணும் புரியல. என் கை ராசியில்லாத கை" என்றார். அதற்குப் பிறகு கேட்டுக்கு வெளியே வைத்த பெட்டிகளை அவர் உள்ளே எடுக்கவில்லை. கொட்டகையில் பழைய சாமான்கள் சேர்ந்தன. கல்யாண ஜாக்கெட் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களையும், "வேற எடத்துல குடும்மா, எங்கிட்ட வேணாம்" என்று திருப்பி அனுப்பத் தொடங்கினார். ஒரு வருடத்தில் நாங்கள் வீடு மாற்றிக்கொண்டோம். கணவரின் ஆபீஸுக்குப் பக்கம் என்று காரணம் சொன்னேன். அக்கா நம்பினார். நான் சொன்ன எதை அவர் நம்பாமல் இருந்தார்?

அந்த ரம்ஜான் கழிந்து எட்டு வருடம் ஆனபோது ஒருமுறை போனேன். பாய் தவறிவிட்டார் என்று கேள்விப்பட்டுப் போனது. சாலை மேம்பாலமும் கடைகளுமாக அடையாளம் தெரியவில்லை. வீடு மட்டும் அப்படியே இருந்தது. மெஷின் மேல் தொலைக்காட்சிப் பெட்டி. அக்கா இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து உட்காரவைத்தார். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தேன். உங்கள் கையில் தப்பில்லை அக்கா, தப்பு என் வாயில் என்று சொன்னால் போதும். அந்தக் கைகளை அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பாயைப் பற்றிப் பேசி முடித்ததும் அவராகவே ஆரம்பித்தார்.

"அவரு போன அப்புறம் வூட்ல ஒண்ணும் ஓட மாட்டேங்குதும்மா. பகல்ல ஒக்காந்துகினு அதுங்கள நெனச்சிப்பேன். அந்த அஞ்சையும் நெனச்சா நெஞ்சு அடைச்சிக்கும். அப்போ மாம்பழத்த நெனச்சிப்பேன். அது ஒண்ணாவது என் கையால பால் குடிச்சு நல்லா கீதேன்னு. அத்த வச்சிதான் ஓட்டிகினு கீறேன்." என் கையை அவர் விடவில்லை. "அதுக்கு இப்ப இன்னா வயசு இருக்கும்?"

நான் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன்.

"எட்டு முடிஞ்சிருக்கும்க்கா" என்றேன். "கொஞ்சம் குண்டாயிடுச்சாம்."